பழைய ஹால்ல கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) திரை கழட்டுன அனுபவம்: மூணு பார்ட்டி, ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இதுல மூணு பார்ட்டி வராங்க, யார் பேரும் போடப்போறதில்ல. ஒருத்தர திட்டப்போறேன், ரெண்டு பேர பாராட்டப்போறேன். திட்டு வாங்கறவருக்கு வக்கீல் இருக்காரு, பாராட்டு வாங்கறவங்களுக்கு ஏற்கனவே கைநெறைய வேலை இருக்கு. தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் உங்க கோயில் ஹால்லயோ சங்க ஹால்லயோ ஸ்கூல் ஸ்டேஜ்லயோ இதே தலவலி இருந்தா நேர்ல பாக்கும்போது கேளுங்க, சொல்றேன்.

நான் எலக்ட்ரீஷியன். மதுரைப் பக்கத்துலேர்ந்து 2007ல இங்க வந்தேன். சனி ஞாயிறுல நம்ம ஆளுங்க ஹாலுக்கு ஸ்டேஜ் லைட் போடறது என் வேலை, சம்பளம் கெடையாது, பிரியாணி உண்டு. ஹால் ஐம்பதுகள்ல கட்டினது, காசு சேத்து கல்லு சுமந்து கட்டினதுன்னு பெரியவங்க சொல்வாங்க. நாடகம், பரதநாட்டிய அரங்கேற்றம், இங்க சிக்ஸ் ஃபுட் டான்ஸ்னு சொல்ற நம்ம தெருக்கூத்து, கல்யாணம், கருமாதி சாப்பாடு எல்லாமே அங்கதான். ஒரு காலத்துல சினிமாவும் ஓட்டியிருக்காங்க, பால்கனிக்குப் பின்னாடி ப்ரொஜெக்டர் ரூம் இன்னும் இருக்கு, உள்ள புறா குடும்பம் நடத்துது.

ஸ்டேஜ்ல ரெண்டு திரை. ஒண்ணு மெரூன் வெல்வெட்டு, எல்லாருக்கும் தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி மேல சுருட்டாம அப்படியே நேரா ஏறி எறங்கற சேஃப்டி கர்டன். ஸ்டேஜ்ல தீ பிடிச்சா இத கீழ விட்டா நெருப்பும் புகையும் ஜனங்க பக்கம் வராம தடுக்கும். கிட்டக்க போய்ப் பாத்தா சாக்குத்துணி மாதிரி முரட்டு நெசவு, உள்ள மெல்லிசா கம்பி ஓடும், மேல கடல், பாய்மரக் கப்பல்னு யாரோ வரைஞ்ச பெயிண்ட், அதுவும் பாளம் பாளமா வெடிச்சிருச்சு. ரெண்டு ஓரத்துலயும் இரும்புச் சேனல்ல ஓடுது, அந்த எடத்துல துணி தேஞ்சு பிசிறு பிசிறா தொங்குது. சேனலுக்கு அடியில சாம்பக்கலர்ல பஞ்சு மாதிரி ஒண்ணு சேந்திருக்கும், நான் இத்தன வருஷமா அது எலி கொண்டாந்த பஞ்சுன்னு நெனச்சேன்.

அந்த திரைய இறக்கி ஏத்தறது ஒரு தாத்தா. வயசு எழுபத்திநாலு, வாலிபத்துலேர்ந்து அவருதான். ஒவ்வொரு தீபாவளி நாடகத்துக்கும் முன்னாடி திரைய இறக்கி தொடப்பத்தால பட்டு பட்டுன்னு அடிச்சு தூசி தட்டுவாரு, வெளிச்சத்துல பாத்தா அந்தத் தூசி மினுமினுன்னு மெதக்கும், பசங்க அத கையால புடிக்கப் பாத்து ஓடும். என் பொண்ணும் ஓடியிருக்கா. இத டைப் பண்ணும்போது கை கொஞ்சம் நடுங்குது, பரவால்ல.

எப்படி தெரிய வந்துச்சுன்னா, ஹாலுக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வந்த ஆளு ஃபார்ம்ல ஒரு கேள்வி கேட்டாரு, உங்க கட்டடத்துல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னு. கூரை ஷீட்டு இருக்குன்னு செக்ரட்டரி சொன்னாரு, இங்க சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ்லல்லாம் பாதி வீட்டுக்கு அதான் கூரை, அதுல ஒண்ணும் அதிசயம் இல்ல. ஆனா அந்த ஆளு நிமிந்து ஸ்டேஜ பாத்துட்டு, சேஃப்டி கர்டன் என்ன துணி அப்படின்னாரு. யாருக்கும் தெரியல. தமிழ்ல கல்நார்னு எவ்ளோ அழகா பேர் வச்சிருக்கோம், கல்லுதான் ஆனா நாரு மாதிரி பிரியும், நெய்யலாம், நெருப்புல போட்டாலும் எரியாது. அதனாலதான் பழைய தியேட்டர்ல நெருப்புக்கு பயந்த எடத்துலெல்லாம் இத வச்சாங்க.

வச்சதுக்கும் காரணம் இல்லாம இல்ல. இங்கிலாந்துல எக்ஸிட்டர்ங்கற ஊர்ல 1887ல தியேட்டர் எரிஞ்சு 186 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம்தான் சேஃப்டி கர்டன்லாம் கட்டாயமாக ஆரம்பிச்சுது. 1903 டிசம்பர் 30, சிகாகோ இரோக்வா தியேட்டர், மத்தியான ஷோ, அன்னிக்கு கூட்டத்துல பெரும்பாலும் பொம்பளைங்களும் கொழந்தைங்களும்தான், ஸ்டேஜ் லைட்டுலேர்ந்து பொறி பறந்து திரை பத்திக்கிச்சு, கல்நார் திரைய இறக்கப் பாத்தா பாதியில சிக்கி நின்னுருச்சு, 602 பேர் போனாங்க. அப்புறம் சோதிச்சுப் பாத்தா அந்தத் திரையில கல்நாரோட மரக்கூழும் கலந்திருந்துச்சாம். ஆனா 1911ல எடின்பரோவுல லஃபயட்ங்கற மேஜிக்காரர் ஷோவுல தீ, திரை ஒழுங்கா எறங்குச்சு, ஏறக்குறைய 3,000 பேர் ஆர்கெஸ்ட்ரா 'காட் சேவ் தி கிங்' தேசிய கீதம் வாசிக்க வாசிக்க தப்பிச்சு வெளிய வந்துட்டாங்க, ஆனா திரைக்குப் பின்னாடி மாட்டுனவங்க போயிட்டாங்க, அவரும் சேத்து. அதனால அந்தக் காலத்து ஆளுங்கள குத்தம் சொல்ல வாயே வரல. எரியாத துணி கெடச்சா யாரா இருந்தாலும் வாங்கி மாட்டியிருப்போம்.

சரி ரிவ்யூவுக்கு வரேன்.

மொத பார்ட்டி. யாரோ தெரிஞ்சவங்க மூலமா வந்தாரு, பக்கியில (இங்க பிக்கப் வண்டிக்கு அதான் பேரு) ஏணி கட்டிக்கிட்டு, சிரிச்ச மொகம். திரைய கையால புடிச்சு ரெண்டு உதறு உதறினாரு, நல்லா கெட்டியாத்தான் இருக்குன்னு சொல்லிக்கிட்டே. அப்புறம் கொட்டேஷன் வாயாலயே சொன்னாரு: சனிக்கெழம காலைல நாலு பசங்கள கூட்டியாரேன், மேல கத்திய வச்சு அறுத்து கீழ விட்டுருவோம், துண்டு போட்டு பையில கட்டி மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிருவேன், கேஷா குடுத்தா இன்னும் கொறைக்கலாம். ரெஜிஸ்ட்ரேஷன் சர்ட்டிபிகேட் இருக்கான்னு கேட்டேன், ஆபீஸ்ல இருக்குன்னாரு, ஆபீஸ் எங்கன்னா பக்கியதான் காட்டினாரு. இது வெள்ளைக் கல்நார் தம்பி, இது ஒண்ணும் பண்ணாது, நீலம்தான் ஆளக் கொல்லும், அப்படின்னு வேற ஒரு விளக்கம். கமிட்டியில பாதி பேருக்கு அந்த ரேட்டு ரொம்பப் புடிச்சுப் போச்சு, அதான் உண்மை, நானும் ஒரு நிமிஷம் சபலப்பட்டேன்.

அந்த வெள்ளை நீலம் கதைய கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இது எல்லா ஊர்லயும் சொல்ற பொய். கல்நார்ல வியாபாரத்துக்கு வந்தது முக்கியமா மூணு: வெள்ளை க்ரைசோடைல், பழுப்பு அமோசைட், நீல க்ரோசிடோலைட். நீலமும் பழுப்பும் ஊசி மாதிரி நேரா இருக்கும், இன்னும் மோசம்கறது சரிதான். ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மூணையும் ஒரே வரிசையில, மனுஷனுக்கு புற்றுநோய் தரும்னு உறுதியான மொத க்ரூப்லதான் வச்சிருக்கு. வெள்ளைக்கு விதிவிலக்கு எதுவும் இல்ல.

இத நான் தென்னாப்பிரிக்காவுல உக்காந்து எழுதறேன்கறது தனி வேதனை. மூணு வகையும் தோண்டி எடுத்த நாடு இது. அமோசைட்ங்கற பேரே இந்த ஊர் சுரங்கக் கம்பெனி பேரோட எழுத்துங்கள சேத்து வந்ததுதான். நீலம் வடக்கு கேப்ல, ப்ரீஸ்கா, குருமன் பக்கம். நுரையீரல சுத்தியிருக்கற ஜவ்வுல வர்ற மீசோதீலியோமாங்கற புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்ப உலகத்துக்கு அடிச்சு சொன்னதே இங்க செஞ்ச ஆராய்ச்சிதான், 1960ல வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட்னு மூணு டாக்டருங்க 33 பேர் கேஸ போட்டு எழுதினாங்க. அதுல சுரங்கத்துல வேலையே பாக்காதவங்களும் இருந்தாங்க, சின்ன வயசுல அந்த ஊர்ல வாழ்ந்ததுதான் அவங்க செஞ்சது. அந்த சுரங்க ஊர்க்காரங்க 7,500 பேர் லண்டன் கோர்ட்டு வரைக்கும் போய் 2003ல செட்டில்மெண்ட் வாங்கினாங்க. 2008ல இந்த நாட்டுல கல்நார் வாங்கறது விக்கறது செய்யறது எல்லாம் தடை. ஏற்கனவே கட்டடத்துல இருக்கறது அப்படியே இருக்கு, அதான் நம்ம பிரச்சன. நம்ம ஊர்ல இன்னும் சிமெண்ட் ஷீட்டுனு பேர் வச்சு ஓடிட்டுதான் இருக்கு, அது வேற சண்ட, இன்னொரு நாள்.

ரெண்டாவது பார்ட்டி, சர்வே பண்ற இன்ஸ்பெக்ஷன் ஆளுங்க. ஒரு ஜூலு லேடி வந்தாங்க, நாப்பது வயசு இருக்கும், கையில டார்ச்சும் ஸ்ப்ரே பாட்டிலும். கொட்டேஷன் பேச்சே இல்ல, மொதக் கேள்வி, கடைசியா இத எப்ப அசைச்சீங்க? நான் அந்த பக்கி ஆளு உதறுனத சொன்னேன். அவங்க ரெண்டு அடி பின்னாடி போய், எங்களையும் கூட்டிக்கிட்டு ஸ்டேஜ விட்டு எறங்கி, கதவ சாத்தி, ஸ்டேஜுக்கு யாரும் போகக்கூடாதுன்னு டேப் ஒட்டிட்டாங்க. அதுக்கப்புறம்தான் பேரே கேட்டாங்க.

சாம்பிள் எடுத்தத பாக்கணும் நீங்க. மாஸ்க்கு போட்டு, ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத எடத்துல தண்ணி ஸ்ப்ரே பண்ணி நனைச்சு, கட்டவிரல் நகம் அளவு வெட்டி, ஒரு குட்டி பையில போட்டு அத இன்னொரு பையில போட்டு, வெட்டின எடத்துல டேப் ஒட்டி, கத்திய ஈரத்துணியில தொடச்சு அந்தத் துணியையும் பையில. ஒரு நகத்துக்கு பத்து நிமிஷம். அந்த ஆளு கத்தியால மொத்தத்தையும் அறுக்கறேன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் ஹால் முழுக்க சுத்துனாங்க. இங்கதான் எனக்கு வயித்த கலக்குச்சு, ஏன்னா திரைய பத்தி மட்டும்தான் நாங்க யோசிச்சோம். ஸ்டேஜுக்குப் பின்னாடி சமையல்கட்டுல சிவப்பு டப்பாவுல, தீ மேல போத்தி அணைக்கற ஃபயர் ப்ளாங்கெட் இருக்கணும்ல, டப்பா காலி. துணி எங்கன்னு தேடினா அடுப்பு மேடையில நாலா மடிச்சு கெடக்கு, பிரியாணி தேக்சா எறக்கி வைக்கற கரித்துணியா எத்தன வருஷமா ஓடுதோ தெரியல, ஓரமெல்லாம் நைஞ்சு, மஞ்சப் பூத்து, எண்ண ஊறி. பக்கத்துலயே தடிமனா வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி, ஆன்ட்டிங்க தேக்சா மூடிய தொறக்கறதுக்கு. ரெண்டுமே கல்நாரு. அந்த லேடி பாத்துட்டு "ஹய்போ!"ன்னு ஒரு சத்தம். அதுக்கு நான் அர்த்தம் சொல்லவேணாம், இந்த ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும்.

அடுத்தது என் டிபார்ட்மெண்டு. மேல பார்ல தொங்கற பழைய ஸ்பாட் லைட்டுங்க. ஆயிரம் வாட் பல்பு சூட்டுல சாதா பிளாஸ்டிக் ஒயர் உருகிரும், அதனால பழைய லைட்டுல பின்னாடி வர்ற வால் ஒயருக்கு வெள்ளையா பின்னின ஸ்லீவ் போட்டிருப்பாங்க. நனைச்சு நகத்தளவு வெட்டி எடுத்தாங்க, அதுவும் கல்நார்னு லேப்ல வந்துச்சு. 2009ல நான் பன்னெண்டு லைட்டுக்கு வால் மாத்தியிருக்கேன். ஸ்டேஜ் ஓரத்துல சம்மணம் போட்டு உக்காந்து, மடியில லைட்ட வச்சு, பழைய ஸ்லீவ கட்டரால கீறி, கட்டர் கெடைக்காத நேரத்துல பல்லால கடிச்சு உரிச்சு, துப்பி. அதுல என்ன இருக்குன்னு எனக்கு யாரும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. எலக்ட்ரீஷியன் தம்பிங்க யாராச்சும் படிச்சீங்கன்னா பழைய ஸ்டேஜ் லைட்டுல வெள்ளையா பிசிறடிக்கற ஒயர பாத்தா வெட்டாதீங்க, லைட்டோட சேத்து தனியா வச்சிருங்க, அவ்ளோதான்.

உடம்புக்கு என்ன பண்ணும்னு அந்த லேடி தாத்தாவுக்கும் எனக்கும் டீ குடிச்சுக்கிட்டே சொன்னாங்க, நான் பின்னாடி ஒரு டாக்டர்கிட்டயும் கேட்டுக்கிட்டேன். கல்நாரு முழுசா கெட்டியா இருக்கறவரைக்கும் ஒண்ணும் பண்ணாது, தொட்டா ஒட்டிக்காது, தோல் வழியா போகாது. உடைஞ்சு, தேஞ்சு, அடிபட்டு தூளாகும்போது கண்ணுக்கே தெரியாத நார் காத்துல மணிக்கணக்கா மெதக்கும், மூச்சுல உள்ள போகும். நுரையீரல்ல தூசிய முழுங்கி துப்புரவு பண்ற செல்லு உண்டு, அது இந்த நீள ஊசிய முழுங்கப் பாத்து முழுங்க முடியாம சாவுது, அந்த எடத்துல புண்ணு, தழும்பு, மறுபடி புண்ணு. வருஷக்கணக்கா நெறைய போனவங்களுக்கு நுரையீரலே காஞ்ச பஞ்சா இறுகிரும், அது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் கேன்சர் வரலாம், மீசோதீலியோமா வரலாம், குரல்வளையிலயும் கர்ப்பப்பைக்கு ஒட்டின சினைப்பையிலயும்கூட வருதுன்னு நிரூபணம் ஆயிருக்கு. கொடுமை என்னன்னா உடனே இருமல்கூட வராது. இருபது, முப்பது, நாப்பது வருஷம் கழிச்சு வரும், அதனாலதான் தாத்தா அம்பது வருஷமா தட்டறேன் எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்க முடிஞ்சுது.

ஒருதடவ ரெண்டுதடவ மூச்சுல போனவங்களுக்கெல்லாம் வந்துரும்னு இல்ல, எவ்ளோ போச்சு எத்தன வருஷம் போச்சுங்கறதுதான் கணக்கு, ஆனா இவ்ளோ வரைக்கும் பரவால்லன்னு யாரும் கோடு போட்டுக் குடுக்க முடியாது. இதுல பீடி சிகரெட் சேந்தா நுரையீரல் கேன்சர் வாய்ப்பு கூட்டல்ல போகாது, பெருக்கல்ல போகும். தாத்தா ஒரு நாளைக்கு பத்து குடிப்பாரு. "எழுபத்திநாலு வயசுல விட்டு என்ன தம்பி ஆவப்போவுது?"ன்னு என்கிட்ட கேட்டாரு. டாக்டர் எக்ஸ்ரே எடுத்து ஃபைல்ல கல்நார் விஷயத்த எழுதி வச்சுட்டு, உள்ள போன நார எடுக்க எங்கிட்ட மருந்து இல்ல அங்கிள், சிகரெட்ட நிறுத்தறது உங்க கையில இருக்கு, இப்ப நிறுத்தினாலும் லாபம்தான்னு சொல்லி அனுப்பினாரு. இப்ப நாலுல நிக்குது.

ரிப்போர்ட் வந்துச்சு. நான் நெனச்சேன் எல்லாத்தையும் பிச்சு எறியச் சொல்லி பில்ல ஏத்துவாங்கன்னு. தலகீழ். திரை, கழட்டணும், பிசிறடிச்சு தூள் கொட்டுது. ப்ளாங்கெட், கையுறை, லைட் வாலு, கழட்டணும். கூரை ஷீட்டு, சிமெண்ட்டுக்குள்ள கெட்டியா இருக்கு, வெடிப்பு இல்ல, விடு, மேல ஏறாத, ப்ரஷ் போட்டு தேய்க்காத, பாசி புடிச்சா ப்ரஷர் வாஷ் அடிக்காத. ப்ரொஜெக்டர் ரூம் செவுரு, அந்தக் காலத்து ஃபிலிம் சுலபமா தீப்பிடிக்கும்ங்கறதால கல்நார் போர்டு அடிச்சிருக்காங்க, அதுல அமோசைட், ஆனா போர்டு முழுசா இருக்கு, பெயிண்ட் அடிச்சு மூடி, ரூம பூட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, வருஷா வருஷம் பாருங்க. அதாவது ஆறுல ரெண்ட சும்மா விடச் சொன்னாங்க. எனக்கு அங்கதான் இவங்கமேல நம்பிக்கை வந்துச்சு. காசுக்காக பேசறவனா இருந்தா கூரையதான் மொதல்ல கை காட்டியிருப்பான், பெரிய ஐட்டம் அதுதான்.

இன்னொண்ணும் சொன்னாங்க, சர்வே பண்றவங்களும் கழட்டறவங்களும் ஒரே ஆளா இருக்கக்கூடாது, கழட்டி முடிஞ்சதும் காத்த டெஸ்ட் பண்ணி சுத்தம்னு கையெழுத்து போடறவங்க தனியா இருக்கணும், இல்லன்னா தன் பரீட்சைய தானே திருத்தற கதைதான். 2020 நவம்பர்ல வந்த புது ரூல்படி கட்டடத்துல கல்நார் எங்கெங்க இருக்குன்னு எழுத்துல ஒரு பட்டியல் வச்சிருக்கணும், தூளாகற டைப்ப கழட்ட லேபர் டிபார்ட்மெண்டுல டைப் 3ன்னு பதிவு பண்ணின கான்ட்ராக்டர்தான் வரணும், வேலைக்கு முன்கூட்டியே டிபார்ட்மெண்டுக்கு எழுத்துல சொல்லணும். நாங்க சங்கம்தானே, கம்பெனி இல்லையேன்னு செக்ரட்டரி இழுத்தாரு. வாட்ச்மேனுக்கு சம்பளம் குடுக்கறீங்களா? குடுக்கறோம். அப்ப நீங்க முதலாளி. முடிஞ்சுது பேச்சு.

மூணாவது பார்ட்டி, கழட்டுனவங்க. பில்லு அந்த பக்கி ஆளு சொன்னதுக்கு மூணு மடங்குக்கு மேல, அத மறைக்க மாட்டேன், கமிட்டி மீட்டிங் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போச்சு. மூணு நாள் வேலை. மொத நாள் பூரா திரைய தொடவே இல்ல. ஸ்டேஜ் முழுக்க தடி பாலிதீன்ல டென்ட் கட்டி, ஓட்டையெல்லாம் டேப் ஒட்டி, உள்ள காத்து வெளிய கசியாம உறிஞ்சி ஃபில்டர்ல அனுப்பற மெஷின் வச்சு, புகை விட்டு எங்கயாச்சும் கசியுதான்னு பாத்தாங்க. போற வர்ற வழிக்கு மூணு தடுப்பு, நடுவுல ஷவர், குளிக்காம ஒருத்தரும் வெளிய வர முடியாது. சொந்த ஜெனரேட்டர் கொண்டாந்தாங்க, கரண்டு போனா உறிஞ்சற மெஷின் நிக்கக்கூடாதுல்ல, இந்த ஊர் கரண்ட நம்பி யாரு இருப்பா, அதுக்கே தனியா ஒரு ஸ்டார்.

நான் பாலிதீன்ல இருந்த சின்ன கண்ணாடி ஜன்னல் வழியா பாத்தேன். முழு மொகத்தையும் மூடற மாஸ்க்கு, வெள்ளை ஓவரால், நாலு பேரு. கத்தியே எடுக்கல. திரைய சோப்புத்தண்ணி மாதிரி ஒண்ண ஸ்ப்ரே பண்ணி நல்லா ஊறவச்சு, கீழ பாலிதீன் விரிச்சு, அங்குலம் அங்குலமா இறக்கி மடிச்சு, மொத்தத்தையும் ஒண்ணா சுத்தி, மறுபடி சுத்தி, டேப் போட்டு கட்டி, எச்சரிக்கை லேபிள் ஒட்டுனாங்க. பிரேதம் கட்டற மாதிரிதான் இருந்துச்சு. தாத்தாவும் என் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு, கப்பல் படம் மடிஞ்சு உள்ள போகும்போது தொண்டைய செருமிக்கிட்டு வெளிய போயிட்டாரு. சேனல் அடியில இருந்த அந்த எலிப் பஞ்சு ஒரு பை வந்துச்சு. ஈரத்துணி, நுண்ணிய தூசியையும் புடிக்கற ஹெப்பா ஃபில்டர் வாக்வம், மறுபடி ஈரத்துணி. வீட்டு வாக்வம்ல இத இழுத்தா பின்னாடி வழியா நாரெல்லாம் ஹால் முழுக்க தெளிச்சிரும், தொடப்பம் அதவிட மோசம்.

வெல்வெட்டு திரைக்கு நாங்க அழுதோம். அது கல்நார் இல்ல, ஆனா இத்தன வருஷம் பக்கத்துலயே தொங்கி தூசி குடிச்சிருக்கு, தொவைக்க முடியாது, அதுவும் பையில போச்சு. இது யாருக்கும் கொட்டேஷன்ல தோணாத செலவு, நீங்க முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

காத்து டெஸ்ட் அந்த லேடியோட டீம் வந்து எடுத்துச்சு, ஒரு மில்லி காத்துக்கு 0.01 நாருக்கு கீழன்னு சர்ட்டிபிகேட் குடுத்தப்பறம்தான் டென்ட்ட பிரிச்சாங்க. கழட்டுனதெல்லாம் ஆபத்தான கழிவுக்குன்னு லைசென்ஸ் உள்ள குப்பைமேட்டுக்குப் போனதுக்கு ஸ்லிப் குடுத்தாங்க. அந்த ஸ்லிப் வாங்காம காசு குடுக்காதீங்க, பாதி வழியில புதர்ல கொட்டிட்டுப் போற ஆளுங்க இருக்காங்க.

கொறை இருக்கு. டேப் உரிச்ச எடத்துல ஸ்டேஜ் மரத்தரையில பிசின் அப்படியே ஒட்டிக் கெடக்கு, நடனம் ஆடற பிள்ளைங்க கால் ஒட்டுது, ரெண்டு மாசமா வரேன் வரேன்னு வாட்ஸ்ஆப்ல நீல டிக்கு மட்டும் வருது. இன்வாய்ஸ் ரெண்டுதடவ தப்பா அனுப்புனாங்க. இன்னொண்ணு, புதுத் திரை கண்ணாடி நார்ல நெய்தது, கோட்டிங் போட்டது, பழசவிட எவ்ளோ லேசுன்னா, பின்னாடி தொங்கற எதிர் எடை பழசுக்கு வச்சதாச்சே, அத கொறைக்காம விட்டா திரை எறங்கவே எறங்காது, மேலதான் போகும். கழட்டுனவங்க இத சொல்லல, நாங்களும் யோசிக்கல, திரை மாட்டுன நாளு தாத்தா பிடிய விட்டதும் அது அசையாம மேலயே நிக்குது. தாத்தாதான் பாத்த ஒடனே "எடைய எறக்குங்கடா"ன்னு கத்தினாரு. ஸ்டேஜ் திரையோட கயிறு, எடையெல்லாம் பாக்கற ரிக்கிங் ஆளு ஒருத்தர தனியா கூப்பிட்டு பாளம் பாளமா எடைய எடுத்தப்பறம் இப்ப முப்பது செகண்டுக்குள்ள எறங்குது. கண்ணாடி நார வெறுங்கையால தொட்டா அரிக்கும், அதுக்கு கையுறை போடுங்க, புதுக் கையுறை.

ஸ்டார் கணக்கு: சர்வே லேடிக்கு அஞ்சு. கழட்டுனவங்களுக்கு நாலு, பிசின தொடச்சா நாலரை. பக்கி அண்ணனுக்கு பூஜ்யம், அவர் ஒரு உதறுல எத்தன நார கெளப்பி விட்டாரோ. எங்க சங்கத்துக்கு, அதாவது எனக்கும் சேத்து, ஒண்ணரை போடலாம், ப்ளாங்கெட்ல தேக்சா வச்சதுக்கு மைனஸ்.

போன வாரம் தீபாவளி கமிட்டி மீட்டிங். பால்கனியில புழுக்கம், ப்ரொஜெக்டர் ரூம் செவுத்துல நாலு ஓட்டை போட்டு ரெண்டு ஃபேன் மாட்டிரலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, ட்ரில் மெஷின் என்கிட்டயே இருக்குன்னு வேற சொன்னாரு. நான் ஒண்ணும் பேசல, அந்த லேடி குடுத்த கல்நார் பட்டியல் ரெஜிஸ்டர எடுத்து ரெண்டாம் பக்கத்த தொறந்து அவர் முன்னாடி வச்சேன். படிச்சுட்டு, ஸ்டாண்ட் ஃபேன் என்ன வெல வருதுன்னு கேட்டாரு.